நடுவில் ஒரு ஸ்பீக்கர்: சேலம் அழகாபுரம் வீடொன்றில் மூன்று சேனல் ஸ்டீரியோ

கூடம் 22 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். மொசைக் தரை, வெறும் பூச்சுச் சுவர், இடது பக்கம் நெடுக ஜன்னல். நீளச் சுவரில் டிவி. அதன் கீழே இரண்டடி உயரத்தில் மர அலமாரி. அலமாரிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு ஸ்பீக்கர்கள், இடைவெளி 11 அடி. இரண்டும் கீழ் ஒலிக்கு 6.5 அங்குல வூஃபரும் உச்ச ஒலிக்கு ட்வீட்டரும் உள்ள டூ-வே பெட்டிகள், 8 ஓம். எதிர்ச் சுவரோரம் திவான். ஸ்பீக்கர் வரிசையிலிருந்து திவானில் இருப்பவர் காது வரை 9 அடி. திவானின் இடப்பக்கம், நடுக்கோட்டிலிருந்து 4 அடி தள்ளி, சாய்வு நாற்காலி. அதில்தான் வீட்டுப் பாட்டி தினமும் சாயங்காலம் பாட்டுக் கேட்பார்.

அவர் சொன்ன குறை ஒரே வரி: "பாடறவரு ஜன்னலோரமாவே நிக்கறாருங்க, நடுவுல ஆளே இல்லை."

திவானின் நடுவில் உட்கார்ந்தால் பாடகர் டிவிக்கு நேராகத்தான் நிற்கிறார். எழுந்து நாற்காலிக்குப் போனால் பாடகரும் கூடவே நடந்து இடது ஸ்பீக்கருக்குள் நுழைந்துவிடுகிறார். ஸ்பீக்கரிலும் ஆம்ப்ளிஃபையரிலும் பழுதில்லை. இரண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோவின் இயல்பே இதுதான். நடுக்குரல் என்று ஒன்று அறையில் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே குரல் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் மூளை கட்டிக்கொள்ளும் பிம்பம் அது. நாற்காலிக்கு இடது ஸ்பீக்கர் 9.1 அடி, வலது 13.1 அடி. சேலத்து 35 டிகிரி வெயிலில் ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறக்குறைய 0.87 மில்லி செகண்ட் ஆகும். ஆக, இடது பக்கக் குரல் 3.4 மில்லி செகண்ட் முந்துகிறது, 3 டெசிபெல் கூடுதலாகவும் கேட்கிறது. ஒரு மில்லி செகண்டைத் தாண்டி முந்தி வரும் ஒலியின் பக்கமே காது சாய்ந்துவிடும். 1949இல் ஹெல்முட் ஹாஸ் தன் முனைவர் ஆய்வில் அளந்து காட்டிய விளைவு இது. பேலன்ஸ் குமிழைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. பாட்டிக்குச் சரியாகும் அளவுக்குத் திருகினால் திவானில் இருப்பவருக்குக் கெடும்.

நேர் நடுவில் இருப்பவருக்கும் ஒரு சின்ன இழப்பு உண்டு. இடது ஸ்பீக்கரின் குரல் இடக்காதுக்கு நேராகவும், தலையைச் சுற்றி வலக்காதுக்குச் சற்றுத் தாமதமாகவும் போகிறது. வலது ஸ்பீக்கருக்கும் இதே கதை. ஒவ்வொரு காதிலும் கால் மில்லி செகண்ட் இடைவெளியில் ஒரே குரல் இரண்டு முறை விழுவதால் 1800 முதல் 2000 ஹெர்ட்ஸ் சுற்றில் ஒரு பள்ளம் விழும். சொல் தெளிவு இருக்கும் இடம் அது. நடுவில் உண்மையான ஸ்பீக்கர் ஒன்று இருந்து குரலை அதுவே சுமந்தால் அந்தப் பள்ளம் மறையும்.

இது புதிய யோசனையுமல்ல. ஸ்டீரியோ பிறந்தபோதே அதற்கு மூன்று கால். 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வகத்து ஹார்வி ஃப்ளெட்சர் குழுவினர், ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த ஆர்க்கெஸ்ட்ராவை மூன்று மைக், மூன்று கம்பித்தடம், மூன்று ஸ்பீக்கர் வழியாக வாஷிங்டன் அரங்கில் கேட்க வைத்தார்கள். 1950களில் ஆர்சிஏ, மெர்குரி ஆகிய இசைத்தட்டு நிறுவனங்கள் மூன்று தட டேப்பில் பதிவு செய்தன. இசைத்தட்டுப் பள்ளத்துக்கு இரண்டு சுவர்தான் என்பதால் வீட்டுக்கு வந்தது இரண்டு சேனல். அமெரிக்க ஸ்பீக்கர் தயாரிப்பாளர் பால் கிளிப்ஷ் அந்த இரண்டிலிருந்தே நடுவைப் பிரித்தெடுத்து, மூலைக்கு மூலை வைத்த தன் பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவே வைப்பதற்கென்றே 1957இல் ஹெரசி என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். அழகாபுரத்துக் கூடத்தின் தேவையும் அதேதான்.

கோளாறுகள், வந்த வரிசையில்

இந்த வீட்டில் நடு ஸ்பீக்கர் நான்கு முறை தவறாக இணைக்கப்பட்டது. மூன்றாவது ஸ்பீக்கர் போட நினைக்கும் பலரும் இவற்றில் ஒன்றிலாவது மாட்டுவார்கள் என்பதால் நான்கையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதல் இணைப்பு ஆம்ப்ளிஃபையரின் இரண்டு சிவப்பு முனைகளுக்கும் இடையே. கம்பி இரண்டு, வேலை ஐந்து நிமிடம். பாட்டுப் போட்டதும் நடு ஸ்பீக்கரில் குரலைக் காணோம். எதிரொலியும் வயலின் கூட்டமும் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தன. இரு சிவப்புகளுக்கு இடையில் கிடைப்பது இடது சேனலிலிருந்து வலது சேனலைக் கழித்த மிச்சம். இரு பக்கமும் சமமாக இருக்கும் குரல் அங்கே அறவே அடிபட்டுப் போகும். பின்பக்க ஸ்பீக்கருக்கு அமெரிக்க ஆடியோ பொறியாளர் டேவிட் ஹாஃப்ளர் பரப்பிய இணைப்பு இது. நடுவுக்கு நேர் எதிர். கறுப்பு முனைகள் இரண்டும் உள்ளே ஒன்றாக இணைந்த பழைய பாணி ஆம்ப்ளிஃபையர் என்பதால் எதுவும் எரியவில்லை. டிபிஏ3116 போன்ற கிளாஸ்-டி போர்டுகளிலும் பிரிட்ஜ் செய்த 4440 போர்டுகளிலும் கறுப்பு முனைக்கும் தனி வோல்டேஜ் உண்டு. அவற்றின் கறுப்புகளை ஒன்றோடொன்றோ கிரவுண்டோடோ சேர்த்தால் ஐசி அப்போதே போகும்.

இரண்டாவது முயற்சிக்கு 2.1 போர்டு, அதாவது இடது, வலது, சப்-வூஃபர் என மூன்று வெளியீடு உள்ள ஆம்ப்ளிஃபையர் போர்டு வாங்கப்பட்டது. மூன்று சேனல்தானே, சப்-வூஃபர் வெளியீட்டை நடு ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஆயிற்று என்பது கணக்கு. வந்தது வெறும் டும் டும். அந்த வெளியீட்டுக்கு முன்னால் லோ-பாஸ் ஃபில்டர் இருக்கிறது. அடித்தாளம் மட்டும் இறங்கும், குரல் மேலேயே நின்றுவிடும். ஃபில்டரின் கெபாசிட்டர்களைக் கழற்றி வேலை வாங்கலாம். ஆனால் போர்டுக்குப் போர்டு இடம் மாறுவதால், கழற்றத் தெரிந்தவருக்கு 2.1 போர்டே தேவைப்படாது.

மூன்றாவதுதான் நுட்பமான தவறு. ஒரு மெக்கானிக் பழைய ஆம்ப்ளிஃபையரைத் திறந்து, 50 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று என இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, இரண்டும் சேரும் இடத்திலிருந்து நடுவுக்கு எடுத்தார். நடு ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது. ஆனால் பக்க ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே சத்தம், ஸ்டீரியோ போயே போய்விட்டது. காரணம், இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து இடத்துக்கும் வலத்துக்கும் நடுவே 20 கிலோ ஓம் பாலமாகிவிட்டன. வால்யூம் குமிழின் நடுக்காலுக்கோ அதற்கெனச் சொந்தத் தடை உண்டு. சாதாரணமாகக் கேட்கும் அளவில் அது 4.5 கிலோ ஓம், பாதி வோல்டேஜ் நிலையில் 12.5 கிலோ ஓம். 4.5க்குக் கணக்குப் போட்டால் சேனல் பிரிவு (ஒரு பக்க ஒலி மறுபக்கம் கசியாமல் நிற்கும் அளவு) 15 டெசிபெல்லுக்குள், 12.5க்கு வெறும் 8 டெசிபெல். குமிழைத் திருகத் திருகப் பிரிவும் மாறும். "சத்தம் கூட்டினா எல்லாம் ஒண்ணா வருது" என்று வீட்டார் சொன்னது சரியான கண்டுபிடிப்பு. இதே இரண்டு ரெசிஸ்டரை 100 ஓம் தடையுள்ள ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கவும் கூட்டவும் கழிக்கவும் பயன்படும் சின்ன ஐசி) வெளியீட்டுக்குப் பின்னால் போட்டிருந்தால் பிரிவு 46 டெசிபெல் இருந்திருக்கும்.

நான்காவது முறை அந்தப் பிழை திருத்தப்பட்டது. வால்யூமுக்குப் பின் பஃபர் (சிக்னலை மாற்றாமல், குறைந்த தடையில் வெளியே தரும் ஆப்-ஆம்ப்), அதன் பின் கலவை. இடமும் வலமும் முழுதாக, நடுவுக்கு இரண்டின் கூட்டலில் பாதி. பாட்டி நாற்காலியில் குரல் நடுப்பக்கம் நகர்ந்தது. ஆனால் மேடை சுருங்கிவிட்டது. இடது ஓரத்தில் மட்டும் பதிவான தபேலா நடு ஸ்பீக்கரிலும் 6 டெசிபெல் குறைவாக ஒலிக்கிறது. வலது ஓர வீணையும் அங்கேயே வருகிறது. 11 அடியில் விரிந்திருந்த கச்சேரி 7 அடிக்குள் உட்கார்ந்தாற்போல் ஆயிற்று. 'நடு ஸ்பீக்கர் ஸ்டீரியோவைக் கெடுக்கும்' என்ற பரவலான பேச்சுக்கு மூலம் இந்த இணைப்புத்தான்.

கூட்டினால் போதாது, கழிக்கவும் வேண்டும்

பிரிட்டிஷ் ஒலி ஆய்வாளர் மைக்கேல் கெர்ஸன் 1992இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு வழி சொல்கிறது. நடுவுக்குப் பங்கு கொடுக்கும்போது பக்கங்களிலிருந்து எதிர்ப்பக்கத்தின் சிறு பங்கைக் கழித்துவிட வேண்டும். ஒலியின் மொத்த ஆற்றலும் மாறாமல் இருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் ஒரு தொகுப்பு இது (இடம், வலம் என்பவை பதிவின் இடது, வலது சேனல்கள்):

இடது ஸ்பீக்கர் = 0.885 × இடம் − 0.115 × வலம்
நடு ஸ்பீக்கர் = 0.451 × (இடம் + வலம்)
வலது ஸ்பீக்கர் = 0.885 × வலம் − 0.115 × இடம்

இடம் மட்டும் 1 வந்தால் மூன்றின் ஆற்றல் 0.783, 0.203, 0.013. கூட்டினால் 1. நடுக்குரல் வந்தால் பக்கங்களில் 0.77, நடுவில் 0.90. தபேலா இடது ஓரத்திலேயே இருக்க உதவுவது, வலது ஸ்பீக்கரிலிருந்து தலைகீழாக வரும் அந்த 0.115. அது 18 டெசிபெல் கீழே என்பதால் தனியாகக் காதில் படாது. நடு ஸ்பீக்கர் உள்ளே இழுப்பதற்கு எதிர்முனையில் ஒரு சின்ன இழுப்பாக நிற்கும்.

எல்லாவற்றையும் 0.885ஆல் வகுத்தால் சர்க்யூட் சுலபமாகிறது. பக்கத்துக்கு 'இடம் − 0.13 × வலம்', நடுவுக்கு 'பாதிக் கூட்டல்'. தேவை ஏழு ஆப்-ஆம்ப், அதாவது இரட்டை என்இ5532 நான்கு ஐசி. ஒரு பாதி மிஞ்சும். முதலில் வால்யூம் கன்ட்ரோல், அதன் பின் பக்கத்துக்கு ஒரு பஃபர். பஃபரிலிருந்து பக்கத்துக்கு ஒரு இன்வெர்ட்டர் (சிக்னலைத் தலைகீழாக்கும் ஆப்-ஆம்ப்), 10 கிலோ ஓம் உள்ளே, 10 கிலோ ஓம் ஃபீட்பேக். இப்போது கையில் இடம், வலம், தலைகீழ் இடம், தலைகீழ் வலம் நான்கும் உண்டு. இடது வெளியீட்டு ஆப்-ஆம்பின் மைனஸ் காலுக்குத் தலைகீழ் இடம் 10 கிலோ ஓம் வழியாக, நேர் வலம் 75 கிலோ ஓம் வழியாக, ஃபீட்பேக் 10 கிலோ ஓம். வலது பக்கம் இதன் கண்ணாடி. நடு ஆப்-ஆம்புக்குத் தலைகீழ் இடமும் தலைகீழ் வலமும் 20 கிலோ ஓம் ஒவ்வொன்று வழியாக. ஃபீட்பேக்கில் 8.2 கிலோ ஓமோடு தொடராக 5 கிலோ ஓம் ப்ரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), தொடக்கத்தில் மொத்தம் 10 கிலோ ஓமுக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டிலும் தொடரில் 2.2 கிலோ ஓம். ரெசிஸ்டர் எல்லாம் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம். ஐந்து சதவீதம் போட்டால் கழித்தல் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

சப்ளை பிளஸ், மைனஸ் 12 வோல்ட், ரெகுலேட்டர் ஐசி 7812ம் 7912ம். டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12 போதும் என்று கடையில் சொல்வார்கள். சாயங்காலம் கரண்ட் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் டயோடுக்குப் பின் 14 வோல்ட்கூடத் தேறாது. ரெகுலேட்டருக்கு மேலே இரண்டு வோல்ட்டாவது இடம் வேண்டும், இல்லையேல் ரிப்பிள் அப்படியே கசிந்து ஹம் வரும். 15-0-15 வாங்குவதே சரி. ஒவ்வொரு ஐசியின் சப்ளைக் கால்களிலும் 0.1 மைக்ரோ ஃபாரட், காலை ஒட்டி.

சோதனைக்கு ஆஸிலோஸ்கோப் வேண்டாம். போனில் 400 ஹெர்ட்ஸ் சைன் டோன், கையில் மல்டிமீட்டர், ஏசி ரேஞ்ச். ஆம்ப்ளிஃபையரை இணைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை. இடது மட்டும் கொடுத்து இடது வெளியீட்டை 1 என்று எடுத்துக்கொண்டால் நடு 0.50, வலது 0.13 காட்ட வேண்டும். பின்பு மோனோவாக இரண்டும் கொடுத்தால் பக்கங்கள் 0.87, நடு 1.00. இந்த இரண்டாவது அளவுதான் முக்கியம். பக்கங்கள் 0.87க்குப் பதில் 1.13 காட்டினால் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டல் நடக்கிறது, 75 கிலோ ஓம் தலைகீழ் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. முதல் அளவு மட்டும் பார்த்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. மல்டிமீட்டருக்கு நேரும் தலைகீழும் ஒன்றுதான்.

மூன்று பவர் சேனலும் ஒரே ரகமாக இருக்க வேண்டும் என்பதால் பழைய ஆம்ப்ளிஃபையர் ஓய்வு பெற்றது. டிபிஏ3116 ஸ்டீரியோ போர்டு இரண்டு, 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர், ஒரு சேனல் சும்மா. 8 ஓமில் சேனலுக்கு 20 வாட் சுமார் கிடைக்கும், இந்தக் கூடத்துக்குத் தாராளம். போர்டு வாங்கும்போது இரண்டும் ஒரே கெயினா (பெருக்கும் அளவு) என்று பார்க்க வேண்டும். இந்த ஐசியில் 20, 26, 32, 36 டெசிபெல் என நான்கு கெயின், ரெசிஸ்டர் மூலம் அமைப்பது. வேறு வேறு கடையில் வாங்கினால் மாறிப்போகும். போர்டுகளை மாட்டியதும் நடு ஸ்பீக்கரில் மெல்லிய விசில் ஒன்று வந்தது, வால்யூம் பூஜ்யத்திலும். இரண்டு ஐசியும் சுமார் 400 கிலோ ஹெர்ட்ஸில் தனித்தனியாக ஓடுகின்றன. இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசம் காதுக்கு எட்டும் டோனாக இறங்குகிறது. ஒரே கம்பியில் தொடராக இருந்த சப்ளையைப் பிரித்து, அடாப்டரிலிருந்து போர்டுக்கு ஒரு தனி முறுக்குக் கம்பி, போர்டு முனையில் 1000 மைக்ரோ ஃபாரட், இரண்டுக்கும் நாலு அங்குல இடைவெளி என்று மாற்றியதும் விசில் அடங்கியது.

எந்த ஸ்பீக்கர், எங்கே

பக்கங்களில் உள்ளதே நடுவிலும் வேண்டும். கடையில் ஒற்றையாகத் தர மாட்டார்கள், ஜோடியாக வாங்கி ஒன்றை மூட்டை கட்டி வைப்பதே மேல். ஹோம் தியேட்டர் கடையில் 'சென்டர்' என்று தரும் படுக்கைப் பெட்டிகளில் இரண்டு வூஃபர் பக்கவாட்டில், நடுவே ட்வீட்டர். வூஃபர்களின் மையங்களுக்கு இடையே ஓர் அடி என்றால், நடுக்கோட்டிலிருந்து 24 டிகிரி விலகிய பாட்டி நாற்காலியில் 1400 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவருக்காகப் போடும் ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பவருக்கே குரலைத் தின்றால் என்ன பயன்? நின்ற பெட்டியாக வைக்க டிவியை எட்டு அங்குலம் மேலே ஏற்றினார்கள். முன்முகம் அலமாரி விளிம்போடு சமமாக. உள்ளே தள்ளினால் அலமாரிப் பலகையில் மோதி வரும் ஒலி குரலை மங்கலாக்கும். ட்வீட்டர் உயரம் 34 அங்குலம், பக்கங்களில் 36. இந்த அளவு வித்தியாசம் பரவாயில்லை.

போலாரிட்டியை ஒன்றரை வோல்ட் பேட்டரி செல் வைத்துப் பார்க்கலாம். பிளஸ்ஸை சிவப்பில் தொட்டால் மூன்று வூஃபரும் வெளியே தள்ள வேண்டும். நடு மட்டும் மாறியிருந்தால் நேர் நடு இருக்கையில் அடித்தாளம் 11 டெசிபெல்லுக்கு மேல் காணாமல் போகும்.

இடம் பிடிப்பதில்தான் உண்மையான இக்கட்டு. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், திவான் நடுவுக்கு நடு ஸ்பீக்கர் 9 அடி, பக்க ஸ்பீக்கர் 10.55 அடி. நடு 1.35 மில்லி செகண்ட் முந்துவதால் 370 ஹெர்ட்ஸ் சுற்றில் குரல் குழிந்து கேட்கும். குழாய்க்குள் பாடுவதுபோல என்று சொன்னால் புரியும். இதைத் தீர்க்கப் பக்க ஸ்பீக்கர்களை 22.5 அங்குலம் முன்னால் கொண்டுவர வேண்டும். அப்போது மூன்றும் 9 அடி வளைவில் வந்துவிடும். தரையில் மொசைக் கல் ஒவ்வொன்றும் 10 அங்குலம் என்பதால் இரண்டு கல், மேலே இரண்டரை அங்குலம். ஆனால் அப்படிக் கொண்டுவந்தால் நாற்காலிக்கு இடது ஸ்பீக்கர் 7.3 அடியாகிறது, நடு 9.85 அடி. இடது 2.2 மில்லி செகண்ட் முந்துகிறது. பாடகர் மறுபடி ஜன்னலோரம்.

ஒரே அமைப்பில் இருவரையும் திருப்திப்படுத்த வழியில்லை. எனவே இரண்டு நிலை. தனியாகக் கேட்பவர் ஸ்டாண்டுகளை முன்னால் இழுத்து வளைவில் வைத்துக்கொள்வார். எல்லாரும் இருக்கும்போது நேர்கோடு, பக்க ஸ்பீக்கர்கள் இரண்டையும் 45 டிகிரி உள்நோக்கித் திருப்பி வைப்பது. அந்தக் கோணத்தில் நாற்காலி இடது ஸ்பீக்கரின் முகத்திலிருந்து விலகி, வலதின் நேர்முகத்துக்கு வருகிறது. அருகில் இருப்பது மெலிகிறது, தொலைவில் இருப்பது தெளிகிறது. இடது இன்னும் 0.6 மில்லி செகண்ட் முந்தத்தான் செய்கிறது. குரல் டிவியின் இடது விளிம்பில் நிற்கிறது, மிகச் சரியான நடு அல்ல. முன்பு இடது ஸ்பீக்கருக்குள்ளேயே போயிருந்ததை நினைத்தால் பாட்டிக்கு இது போதுமானதாக இருந்தது. நேர்கோட்டில் நடு ஸ்பீக்கர் அருகில் இருப்பதால் 1.4 டெசிபெல் ஓங்கும். ப்ரீசெட்டை 8.2 கிலோ ஓம் முனைக்குத் திருப்பினால் ஏறக்குறைய 1.7 டெசிபெல் இறங்கிச் சமமாகும்.

அறையின் பங்கும் உண்டு. மொசைக்கில் பட்டு வரும் எதிரொலிக்கு ஸ்பீக்கருக்கும் திவானுக்கும் நடுவே பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தார்கள். அது உச்ச ஸ்தாயியைத்தான் உறிஞ்சும், கீழே எட்டாது. திவானுக்குப் பின்சுவர் தலையிலிருந்து ஒன்றரை அடிதான். நாலு அங்குல இலவம் பஞ்சு மெத்தையை அங்கே நிறுத்தி வைத்ததில் குரலின் பிசிறு நன்றாகவே குறைந்தது. ஜமக்காளத்தைவிட இந்த மெத்தைக்கே மதிப்பெண் அதிகம்.

பழைய பாட்டுக்குத் தனி சுவிட்ச்

இந்த வீட்டில் பாதி நேரம் ஓடுவது 1950, 60களின் பாட்டு. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாட்டு, எல்லாம் மோனோ. மோனோவுக்கு மூன்று ஸ்பீக்கர் எதற்கு? மூன்றிலிருந்தும் ஒரே ஒலி வெவ்வேறு நேரத்தில் வந்து மோதுவதைவிட, நடு ஸ்பீக்கர் ஒன்றே பாடட்டும். எந்த இருக்கையிலும் குரல் நடுவிலேயே நிற்கும். குழிவும் கிடையாது, நடப்பதும் கிடையாது.

மூன்று தனி இணைப்புகளை ஒருசேர மாற்றும் மூன்று முனை டாகிள் சுவிட்ச் ஒன்று போதும். இரண்டு முனை பக்க வெளியீடுகளை 2.2 கிலோ ஓமுக்கு அப்பால் கிரவுண்ட் செய்யும். பக்கங்கள் நின்றதால் மொத்தச் சத்தம் 4 டெசிபெல் குறையும். அதை ஈடுகட்ட, நடு ஆப்-ஆம்பின் ஃபீட்பேக்கில் தொடராக 6.2 கிலோ ஓம். ஸ்டீரியோ நிலையில் மூன்றாவது முனை அதை ஷார்ட் செய்து வைத்திருக்கும், மோனோவில் விட்டுவிடும். பாட்டி இந்த சுவிட்சுக்கு வைத்த பெயர் 'பழசு'. இந்த நிலையில் குறையென்று ஒன்றும் வரவில்லை. மொத்த வேலையிலும் மிக மலிவாகக் கிடைத்த பலன் இந்த முப்பது ரூபாய்ச் சமாசாரம்தான்.

ஏவி ரிசீவர் இருந்தால்

சர்க்யூட் செய்ய விரும்பாதவருக்கு, செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் டால்பி ப்ரோலாஜிக் 2 (இரண்டு சேனலிலிருந்து நடுவையும் பின்பக்கத்தையும் பிரித்தெடுக்கும் டிகோடர்) உள்ள ரிசீவர் நேர் வழி. மியூசிக் மோடு, பின்பக்க ஸ்பீக்கர் 'இல்லை', நடு 'உண்டு'. சென்டர் விட்த் என்ற அமைப்பு 0 முதல் 7 வரை. 0 என்றால் குரல் முழுக்க நடு ஸ்பீக்கரில், 7 என்றால் முழுக்கப் பக்கங்களில். ஆப்-ஆம்ப் சர்க்யூட் எப்போதும் ஒரே விகிதத்தில் கலக்கும். ப்ரோலாஜிக் பாட்டைக் கவனித்துக்கொண்டே விகிதத்தை மாற்றும், குரல் வந்தால் பக்கங்களிலிருந்து அதை உருவியெடுக்கும். சினிமாப் பாட்டில் குரல் மட்டும் நட்ட நடுவில் பதிவாகியிருப்பதால் 1 அல்லது 2ல் வைத்தால் பக்க இருக்கைகளுக்கு இதுவே மேல். மேடைக் கச்சேரிப் பதிவில் நிலைமை வேறு. மிருதங்கத்தின் ஒவ்வொரு பலத்த அடிக்கும் டிகோடர் அந்தப் பக்கம் சாய்ந்து மீளும், வயலின் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். கச்சேரிக்கு ஆப்-ஆம்ப் சர்க்யூட்தான் அமைதி. உள்ளூரில் அசெம்பிள் செய்து தரும் 5.1 பெட்டிகளில் 'ப்ரோலாஜிக் போர்டு' என்பது பெரும்பாலும் 4558 ஐசி வைத்த வெறும் கூட்டல்-கழித்தல். நடுவுக்குக் கூட்டல், பின்பக்கத்துக்குக் கழித்தல், முன்பக்கம் அப்படியே. மேலே சொன்ன நான்காவது கோளாறு அதில் பிறவியிலேயே இருக்கும்.

இதே சர்க்யூட்டை மேலே ஏற்காட்டில் அமைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். பனி மூடும் மாதங்களில் வால்யூம் குமிழ் கரகரக்கும், ஆர்சிஏ பின்கள் மங்கும். வூஃபரின் ஓர வளையம் ஃபோமாக இருந்தால் ஈரத்தில் சில வருடங்களில் உதிரும், ரப்பர் வளையம்தான் அங்கே தாங்கும். மலைக் குளிரில் ஒலியின் வேகம் கொஞ்சம் குறைவதால் அளவுகளை மாற்ற வேண்டியதில்லை, அரை அங்குலம்கூட வராது.

அழகாபுரத்தில் கடைசியாக வந்த தொல்லை எலக்ட்ரானிக்ஸ் சம்பந்தப்பட்டதல்ல. ஸ்டாண்டுகளுக்கு இரண்டு நிலையையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்திருந்தார்கள். காலையில் தரை துடைக்கும்போது டேப் உரிந்துபோனது. அடுத்த முறை ஸ்டாண்டை இடம் மாற்றியவர் கண்ணளவில் வைத்ததில் இடது மூன்று அங்குலம் முன்னால் நின்றது, குரலும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. இப்போது மொசைக் கல்லின் மூலையில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளிகள். கூட்டாகக் கேட்க ஒற்றைப் புள்ளி, தனியாகக் கேட்க இரட்டைப் புள்ளி.